எங்க காத்துக்கு நீங்க எழுதுன பூஜ்யம்: மாசு கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துல இருக்கற சுற்றுச்சூழல் பொறியாளர் அய்யாவுக்கும், கூட வேலை பாக்கற அதிகாரிங்க எல்லாருக்கும்,

எங்க ஊர் கோழிப்பண்ணை வீச்சத்தப் பத்தி திங்கக்கெழம குறைதீர்க்கற கூட்டத்துல நான் குடுத்த மனுவுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து பதில் வந்துருச்சுங்க. நேர்ல வந்து பாத்தாச்சு, அமோனியா பூஜ்யம் பிபிஎம், வரம்புக்குள்ளதான் இருக்குது, அதனால மனுவ முடிச்சு வெச்சாச்சுன்னு போட்டிருக்கீங்க. (அமோனியாங்கறது கோழி எச்சத்துல இருந்து வர்ற, கண்ணும் மூக்கும் எரியற வாயு. பிபிஎம்ங்கறது பத்து லட்சம் பங்கு காத்துல அது எத்தன பங்குங்கற கணக்கு.) அந்தப் பூஜ்யத்த என்னால ஒத்துக்க முடியாதுங்க. ஏன் முடியாதுங்கறத கோவத்துல கத்தாம கணக்கோட சொல்லணும்னுதான் எல்லாரும் படிக்கற மாதிரி இத எழுதறேன், ஏன்னா இது எங்க ஒரு சாளையோட (தோட்டத்து வூட்டோட) பிரச்சனை இல்ல, நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி பல்லடம் பக்கம் கறிக்கோழின்னு பண்ணை இருக்கற எந்த ஊர்ல இருந்து மனு போனாலும் இதே மீட்டர இதே மாதிரி எடுத்துட்டு வந்தா இதே பூஜ்யம்தான் வரும்.

ஊர் பேரு எழுதாம விட்டது வேணும்னேதான். பண்ணைக்காரரு எங்க வூட்டுக்காரருக்குப் பங்காளி மொறை, நல்லது கெட்டதுக்கு ஒண்ணா நிக்கறவங்க. பண்ணைய மூடுங்கன்னு நான் எந்த மனுவுலயும் எழுதல, இதுலயும் எழுதல. அந்தப் பண்ணையால பொழைக்கற குடும்பம் எங்க ஊர்லயே நெறைய இருக்குது. எங்க காத்துல என்ன இருக்குதுன்னு ஒழுங்கா அளந்து சொல்லுங்கன்னு மட்டும்தான் கேட்டேன், இப்பவும் அதத்தான் கேக்கறேன்.

மொதல்ல அந்த மீட்டரு. கையில புடிக்கற சின்ன மீட்டர், உள்ள எலக்ட்ரோகெமிக்கல் சென்சர், பூஜ்யத்துல இருந்து 100 பிபிஎம் வரைக்கும் ஒவ்வொரு பிபிஎம்மா ஏறற வகை. வந்தவங்ககிட்ட கேட்டேன், காட்டுனாங்க, டிஸ்பிளேல புள்ளிக்கு அப்பறம் ஒரு நம்பரும் கெடையாது. குளிர்பதனக் கிட்டங்கியில பைப் ஓட்டையாகி அமோனியா கசிஞ்சா அங்க வேலை செய்யற ஆளுங்க தப்பிச்சு வெளிய ஓடறதுக்கு அலாரம் அடிக்கற சோலிக்கு அது நல்ல மீட்டருங்க, நான் கொறை சொல்லல. ஆனா நம்ம நாட்டுல குடியிருக்கற எடத்துக் காத்துக்கு ஒரு அளவு இருக்குதே. 2009 நவம்பர்ல மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் அறிவிச்ச தேசிய காத்துத் தர அளவுல மொத்தம் 12 மாசு இருக்குது, அதுல அமோனியாவும் ஒண்ணு. ஒரு கன மீட்டர் காத்துல 24 மணி நேர சராசரி 400 மைக்ரோகிராம், வருஷ சராசரி 100 மைக்ரோகிராம், இதுக்கு மேல போகக்கூடாது.

இத பிபிஎம்ல மாத்திப் பாருங்க. 25 டிகிரி வெயில்ல ஒரு பிபிஎம் அமோனியாங்கறது ஏறக்குறைய 700 மைக்ரோகிராம். அப்ப 400-ங்கறது 0.57 பிபிஎம். 100-ங்கறது 0.14 பிபிஎம். நீங்க கொண்டு வந்த மீட்டரோட மொதப் படியே ஒண்ணு, அதாவது 700. நாள் வரம்ப அது தாண்டுன பொறவுதான் கண்ணே தொறக்குது. எங்க வாசல்ல 300 மைக்ரோகிராம் இருந்தாலும், அது வருஷ வரம்புக்கு மூணு மடங்கு, அந்த மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும். லாரி நிறுத்தற எடை மேடையில தாலிக்கொடிய வெச்சுட்டு எடையே இல்லைன்னு சீட்டு எழுதிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?

அதுலயும் வரம்புக்குள்ளன்னு எழுதியிருக்கீங்களே, எந்த வரம்புன்னு எழுதல. 25 பிபிஎம்ம மனசுல வெச்சு எழுதியிருந்தா, அது நாளுக்கு 10 மணி நேரம் வரைக்கும் வேலை செஞ்சுட்டு வூட்டுக்குப் போற தொழிலாளிக்கு அமெரிக்காவுல தொழிலாளிங்க ஆரோக்கியத்தப் பாக்கற நயோஷ் நிறுவனம் பரிந்துரைச்ச அளவு, மைக்ரோகிராம்ல பாத்தா 17,000-த்துக்கும் மேல. ராத்திரியும் பகலும் இங்கயே படுத்து எந்திரிக்கற கெழவிக்கும் கொழந்தைக்கும் அது வரம்பாகுமாங்க?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு கல்யாணத்துக்கு முன்னால திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறை லேப்ல வேலை பாத்தேனுங்க. கழிவுத்தண்ணி சாம்பிள் எடுக்கறது, பிளாங்க் (ஒண்ணும் கலக்காத வெறும் சாம்பிள்) ஓட்டறது, கலர் வந்தா மிசின்ல வெச்சு ரீடிங் எடுக்கறது இதுதான் தெனமும் சோலி. அங்க எனக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தது ஒண்ணு, கருவிக்குத் தெரியாத அளவ இல்லைன்னு எழுதக்கூடாது, இந்த அளவுக்குக் கீழன்னுதான் எழுதணும். உங்க அறிக்கையில ஒரு பிபிஎம்முக்குக் கீழன்னு போட்டிருந்தா அது உண்மை. பூஜ்யம், வரம்புக்குள்ளன்னு போட்டது உண்மை இல்லீங்க.

அடுத்தது எப்ப அளந்தீங்க, எங்க அளந்தீங்கங்கறது. வந்தது ஆடி மாசம், உச்சி வெயில் நேரம், நின்னது பண்ணையோட மேக்கால கேட்டுல. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில மேக்க இருந்து காத்து எப்படி அடிக்கும்னு நம்ம பக்கத்துல பொறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, காயப்போட்ட துணி நிக்காது. அந்தக் காத்துல பண்ணைக்கு மேக்கால நின்னா உங்க மூஞ்சிக்கு வர்றது பண்ணையத் தொடாத காத்து. பண்ணையத் தொட்ட காத்து அக்கட்ட கெழக்கால போயிருச்சு, அதுவும் அத்தன வேகத்துல கலந்து கரைஞ்சு போயிருக்கும். ஒரு வருஷத்துலயே வீச்சம் கம்மியா இருக்கற மாசத்துல, கம்மியா இருக்கற நேரத்துல, இல்லாத எடத்துல நின்னு அளந்திருக்கீங்க. வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல, ஆனா அளந்ததா எடுத்துக்க முடியாது.

எங்களுக்குக் கஷ்டம் வர்றது ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும். பண்ணை மேட்டுல இருக்குது, எங்க சாளைங்க நாலஞ்சும் பள்ளிக்கூடமும் கீழ ஓடையோரப் பள்ளத்துல. பொழுது எறங்குனா காத்து நின்னு போகும், பனி எறங்கும், தரையையொட்டி குளுந்த காத்து மேட்டுல இருந்து மெல்ல வழிஞ்சு பள்ளத்துல வந்து தேங்கிக்கும், மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்டாப்புல நிக்கறதால கலைஞ்சு போறதுக்கு வழியில்ல. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு கண்ணு எரிஞ்சு எந்திரிச்சு ஜன்னல அடைச்சா உள்ள இருக்கறது உள்ளயே நிக்குது, தொறந்தா வெளிய இருக்கறது வருது. வெடிஞ்சு வெயில் ஏறுனா போயிருது, அப்ப வந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

இத நான் வாய்ல மட்டும் சொல்லல. தேதி கிழிக்கற காலண்டர் சீட்டுக்குப் பின்னால எழுதி வெச்சிருக்கேன், வீச்சம் எத்தன மணிக்கு வந்துச்சு, காத்து இருந்துச்சா நின்னுச்சா, பனி உண்டா, மழை பேஞ்சுதா, எரு அள்ற லாரி வந்துச்சான்னு. அத எடுத்து அடுக்கிப் பாத்தா கண்ணுக்கு நேரா தெரியுது, காத்து நின்ன பனி ராத்திரி, மழை பேஞ்ச மறுநாள், கூண்டுக்கடியில இருந்து எரு அள்ளுன வாரம், இந்த மூணுலதான் மொத்தமும். மனு கூட அந்தச் சீட்டுங்களோட நகல் வெச்சிருந்தேன், வந்தவங்க அதப் பொரட்டிக்கூடப் பாக்கல.

எங்க மாமியாருக்கு எளைப்பு. ராத்திரியில நெபுலைசர் வெக்காம மார்கழி கழியறதில்ல. டாக்டர்கிட்ட கேட்டப்ப இதனாலதான் எளைப்பு வந்துச்சுன்னு எழுதித் தர முடியாதும்மா, ஆனா இருக்கற எளைப்பு இதுல கூடும்னு சொன்னாரு, அவரு நியாயமாத்தான் சொன்னாரு. அமோனியா தண்ணியில சட்டுனு கரையற வாயு, அதனாலதான் ஈரம் இருக்கற எடத்தத் தேடிப் புடிக்குது, கண்ணு, மூக்கு, தொண்டை. பள்ளிக்கூடத்துல காலையில பிரேயருக்கு நிக்கற பசங்க கண்ணக் கசக்கிட்டே நிக்கறத டீச்சரும் பாக்கறாங்க. மத்தியானம் அந்தப் பசங்க தட்டுல வெக்கறதும் முட்டைதானுங்க, அந்த முட்டை வேண்டாம்னு யாரும் சொல்லல.

இன்னொண்ணு, மூக்க நம்பவும் முடியாது. அமோனியாவுல கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு பழகிக்கும், பண்ணையில வேலை செய்யறவங்களுக்கு எதுவுமே தெரியறதில்லைங்கறது பொய்யில்ல. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற நாத்தனாரு வண்டிய விட்டு எறங்குன ஒடனே முந்தானைய மூக்குல வெக்கறாங்க, நாங்க என்னாச்சுன்னு கேக்கறோம். நாங்க சொல்றதும் வேண்டாம், அவங்க சொல்றதும் வேண்டாம், ஆசிட் சொல்லட்டும்னுதான் நான் பேசிவ் சாம்ப்ளர், அதாவது காத்துல இருக்கற அமோனியாவ ஆசிட்ல தானா புடிச்சு வெக்கற சின்னக் குப்பி, கேக்கறேன்.

அதுக்கு முன்னால வந்தவங்க சொன்ன ரெண்டு பேச்சுக்குப் பதில் சொல்லிடறேன். அமோனியா காத்த விட லேசு, மேல போயிரும்னாங்க. சுத்தமான அமோனியா லேசுதான், அதோட மூலக்கூறு எடை 17, காத்துக்கு 29. ஆனா பத்து லட்சம் பங்குல ஒரு பங்கு கலந்த பொறவு அதுக்குன்னு தனி எடை எங்க இருக்குது, காத்து எங்க போகுதோ அங்கதான் போகும், காத்து பள்ளத்துல தேங்குனா அதுவும் தேங்கும். ரெண்டாவது, உங்க வூட்டுக் கட்டுத்தறியிலயே மாடு நிக்குதே, அமோனியா அதுலயும்தான வரும்னாங்க. ஆமாங்க, வரும். மாட்டு மூத்திரத்துல வரும், காட்டுக்குப் போடற யூரியாவுல வரும். அதனாலதான் ஒரு எடத்துல ஒரு நேரத்துல அளக்காதீங்க, பல எடத்துல பல மாசம் அளங்கங்கறேன். எங்க கட்டுத்தறிதான் காரணம்னா அளவுல அதுவும் தெரிஞ்சு போயிரும், தெரிஞ்சா நாங்க மாட்ட எடம் மாத்திக் கட்டறோம்.

பேசிவ் சாம்ப்ளர்ங்கறது உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா இதப் படிக்கற எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியணும். பம்பு கெடையாது, கரண்ட் கெடையாது, சத்தம் கெடையாது. கையடக்கமான சின்ன பிளாஸ்டிக் குப்பி. உள்ள ஒரு பக்கம் சிட்ரிக் ஆசிட் மாதிரி ஒரு ஆசிட்ல நனைச்சுக் காயவெச்ச பில்டர் பேப்பர், இன்னொரு பக்கம் காத்து மட்டும் நொழையற மெல்லிசான டெஃப்லான் சவ்வு, நடுவுல அசையாத காத்து கொஞ்சூண்டு எடைவெளி. அமோனியா தானா அந்த எடைவெளியில பரவி உள்ள போகும், போனதும் ஆசிட் புடிச்சு அமோனியம் உப்பா மாத்தி வெச்சுக்கும், திரும்ப வெளிய உடாது. ஆசிட் பக்கத்துல இருக்கற காத்துல அமோனியா எப்பவும் இல்லாத கணக்குலயே இருக்கறதால வெளிய எவ்வளவு இருக்குதோ அதுக்குத் தகுந்த வேகத்துல உள்ள வந்துட்டே இருக்கும். அடால்ஃப் ஃபிக் 1855-ல சொன்ன பரவல் விதிதான், புதுசா யாரும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல. ரெண்டு வாரமோ ஒரு மாசமோ கழிச்சு எடுத்து மூடி போட்டு லேப்புக்கு அனுப்புனா பேப்பரத் தண்ணியில ஊறவெச்சு அமோனியம் எவ்வளவுன்னு பாப்பாங்க, அயான் குரோமட்டோகிராப்ங்கற உப்பப் பிரிச்சு அளக்கற மிசின் இருந்தா அதுல, இல்லீனா ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேத்தா வர்ற இண்டோஃபீனால் நீலத்துல. அந்த நீலக்கலர் முறை உங்க லேப்ல ஏற்கெனவே நடக்கற முறைதான், காத்துத் தர அறிவிப்புலயே அமோனியாவுக்கு அதையும் போட்டிருக்குது.

சும்மா தொங்கற குப்பி என்னத்தப் புடிச்சிரப் போகுதுன்னு நெனைக்காதீங்க. ரேடியெல்லோன்னு ஒரு வகை, அது நிமிஷத்துக்கு 235 மில்லி காத்துல இருக்கற அமோனியாவப் புடிக்கற கணக்கு. 14 நாளைக்குப் பெருக்கிப் பாத்தா 4,700 லிட்டருக்கு மேல வருதுங்க. பகலும் ராத்திரியும், பனியும் வெயிலும், எரு அள்ளுன நாளும் அள்ளாத நாளும் எல்லாம் அதுக்குள்ள சேந்துரும். ஜீப்புல வந்து கேட்டுல நின்ன கொஞ்ச நேரத்துக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பாத்துக்குங்க.

உலகத்துல இது நடக்காததும் இல்ல. பிரிட்டன்ல 1996-ல இருந்து அமோனியாவுக்குன்னே தனியா தேசிய கண்காணிப்பு நெட்வொர்க் நடத்தறாங்க, அதுல பெரும்பாலான எடத்துல ஆல்ஃபாங்கற பேசிவ் சாம்ப்ளர்தான், மாசத்துக்கு ஒருக்கா உள்ளூர்க்காரங்களே மாத்திப் போட்டு தபால்ல லேப்புக்கு அனுப்பறாங்க. அமெரிக்காவுல 2007-ல ஆரம்பிச்ச நெட்வொர்க்குல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்தறாங்க. கால்நடை நெருக்கமா இருக்கற நெதர்லாந்துல 2005-ல இருந்து இயற்கைப் பகுதிங்கள்ல டியூப் தொங்குது. ஐரோப்பாவுல இதுக்குன்னே 2020-ல இஎன் 17346-ன்னு தர நிர்ணயமே வந்துருச்சு. அங்கெல்லாம் பாசிக்கும் மரத்துல ஒட்டற லைக்கனுக்கும் ஆபத்து வராத அளவு வருஷ சராசரி 1 மைக்ரோகிராம்னு வெச்சு அளக்கறாங்க. நாங்க பாசிக்குக் கேக்கல, மனுசனுக்குக் கேக்கறோம், அதுவும் நம்ம நாட்டுலயே எழுதி வெச்சிருக்கற 100-க்குத்தான் கேக்கறோம்.

நானே பேப்பர ஆசிட்ல நனைச்சு மரத்துல கட்டிப் பாக்கலாம், செய்யத் தெரியாமயும் இல்ல. ஆனா என் கையால செஞ்சா அத நீங்க ஒத்துக்க மாட்டீங்க, ஒத்துக்கவும் கூடாது. இதுல கவனம் நெம்ப வேணும். கை வேர்வையிலயும் மூச்சுலயும்கூட அமோனியா உண்டு, கிளவுஸ் போடாம பேப்பரத் தொட்டா கணக்கு போச்சு. அதனாலதான் எல்லாம் ஒரே மாதிரி செஞ்சு தொறக்காமயே திரும்பக் கொண்டு போற பிளாங்க் குப்பி கூடவே வேணும். ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு போதாது, மூணு வெக்கணும், மூணும் ஒத்து வந்தாத்தான் அளவு. மழைக்கு மேல ஒரு சின்ன மூடாக்கு, வாய் கீழ பாத்தாப்புல, ஆள் மூச்சு விடற ஒசரத்துல, ஒண்ணரை மீட்டருக்கு. காக்கா வந்து உக்காந்து எச்சம் போடாம மேல முள்ளு. கட்டுத்தறி, கக்கூஸ் டேங்க், எருக்குழி பக்கத்துல கட்டக்கூடாது. பண்ணைக்கு ஒட்டுன எடத்துல சீக்கிரம் ஆசிட் நெறஞ்சு போயிரும், அங்க நாள கொறைக்கணும். அப்பறம் ஏதாவது ஒரு எடத்துல பம்பு வெச்சு இழுக்கற முறையும் பக்கத்துலயே ஓட்டி ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாக்கணும், நம்ம ஊர் வெயிலுக்கு அது நெம்ப முக்கியம், ஏன்னா வெப்பத்தப் பொறுத்து பரவற வேகம் மாறும். இதெல்லாம் ஒரு அரசாங்க லேப் செஞ்சாத்தான் நாளைக்கு யாரும் கை நீட்டிப் பேச முடியாது.

பேசிவ் சாம்ப்ளர்ங்கறது காத்துத் தர அறிவிப்புல இருக்கற முறை இல்லையேன்னு ஒரு பதில் வரும்னு எனக்குத் தெரியும். சரிதான், வருஷ சராசரின்னா வாரத்துக்கு ரெண்டு நாள் 24 மணி நேரம்னு வருஷத்துக்கு கொறஞ்சது 104 தடவை அளக்கணும்னு அதுல இருக்குது. கோயமுத்தூர், சேலம், மேட்டூர்னு ஸ்டேஷன் வெச்ச எடத்துல செய்யறீங்க. ஒவ்வொரு பண்ணைக்கும் கீழ அத வெக்க உங்ககிட்ட ஆளும் இல்ல மிசினும் இல்ல, அது எங்களுக்கும் புரியுது. அதனாலதான் மொதல்ல குப்பியக் கட்டி எந்த எடம் மோசம்னு கண்டுபுடிங்க, அங்க மட்டும் மிசினக் கொண்டு வாங்கங்கறேன். முறைல இல்லைங்கறவங்க, கேட்டுல நின்னு பாத்த அலாரம் மீட்டரு மட்டும் எந்த முறைல இருக்குதுன்னும் சொல்லணும்.

குப்பியில ஒரு கொறை இருக்குது, மறைக்கல. ராத்திரி மூணு மணிக்கு எவ்வளவு ஏறுச்சுன்னு குப்பி சொல்லாது, சராசரி மட்டும்தான் சொல்லும். ஆனா 14 நாள் சராசரியே 400-த் தாண்டுச்சுன்னா அந்த 14 நாள்ல கண்டிப்பா ஒரு நாளாவது வரம்பு மீறியிருக்குதுன்னு அர்த்தம், அதுக்கு வேற சாட்சி வேண்டாம். அப்பறம் பண்ணை வேலியில இருந்து 50 மீட்டர், 100, 200, 500-ன்னு தள்ளித் தள்ளி கட்டுனா அளவு எப்படி எறங்குதுன்னு தெரியும். பண்ணைதான் காரணம்னா தூரம் போகப் போக கொறையும், காத்து வர்ற பக்கம், பண்ணையத் தொடாத காத்து படற மாதிரி கட்டுன குப்பியில கம்மியா இருக்கும். கட்டுத்தறி பேச்சுக்கும் அங்கதான் முடிவு.

நொய்யல் ஆத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நான் அந்தத் தொழில்ல சம்பளம் வாங்குனவ. வருஷக்கணக்கா கீழ்ப்பக்கத்து வெவசாயிங்க தண்ணி கெட்டுப் போச்சுன்னு கத்துனாங்க, கடைசியில 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லுச்சு. வெவசாயிக்குக் காடும் போச்சு, பட்டறைக்காரருக்கு வேலையும் போச்சு, எங்கள மாதிரி கூலிக்கு இருந்தவங்களுக்குச் சம்பளமும் போச்சு. வருஷா வருஷம் நேர்மையா அளந்து, ஏற ஏறச் சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் பொழைச்சிருக்கும்ங்கறது என்னோட உறுதியான எண்ணம். எங்க பண்ணைக்கு அந்த நெலம வரக்கூடாதுன்னுதான் இப்பவே அளங்கங்கறேன்.

பண்ணைக்காரரும் இதுக்குப் பயப்பட வேண்டியதில்லைங்க. கோழி எச்சத்துல இருக்கற யூரிக் ஆசிட் ஈரமும் சூடும் சேந்தா கிருமிங்களால ஒடைஞ்சு அமோனியாவா போகுது, அப்படிப் போறது எருவுல இருக்கற தழைச்சத்துதான். கோழி தண்ணி குடிக்கற நிப்பிள்ள ஒழுகி கூண்டுக்கடியில எரு நனைஞ்சு கெடந்தா வீச்சமும் கூடும் எருவோட சத்தும் போகும். கொட்டாய்க்குள்ள அமோனியா 25 பிபிஎம்முக்கு மேல போனா கோழிக்கே கண்ணு கெடும், தீவனம் எடுக்கறது கொறையும், முட்டையும் கொறையும். ஒழுக்க அடைச்சு எருவக் காய வெச்சா அவருக்கும் லாபம், எங்களுக்கும் தூக்கம். அவருகிட்ட இத நானே பேசியிருக்கேன், ஆபீசர்களே பூஜ்யம்னு எழுதிட்டாங்களே இனி என்ன அம்மிணின்னு கேக்கறாரு. உங்க பூஜ்யம் எனக்கு மட்டும் வாய அடைக்கல, அவரு செய்ய இருந்ததையும் நிறுத்திருச்சு.

புதுசா கட்டற பண்ணைக்கு குடியிருப்புல இருந்து 500 மீட்டர் தள்ளியிருக்கணும்னு மத்திய வாரியத்தோட கோழிப்பண்ணை வழிகாட்டுதல்ல இருக்குது. எங்களது பழைய பண்ணை, அந்த விதிய நான் இழுக்கல. ஆனா பழசுன்னா அளக்கவே வேண்டாம்னு எங்கயும் இல்லீங்க.

இனி நாங்க கேக்கறது. முடிச்சு வெச்ச மனுவத் தொறங்க. அந்த அறிக்கையில இருக்கற பூஜ்யத்த எடுத்துட்டு, கருவி ஒரு பிபிஎம்முக்குக் கீழ பாக்காது, அதனால தேசிய வரம்போட ஒப்பிட முடியாதுன்னு திருத்தி எழுதிக் குடுங்க. இது பேப்பர் வேலைதான், ஆனா இதத் திருத்தாம விட்டா நாளைக்கு எங்க போனாலும் இந்தக் காகிதத்தத்தான் முன்னால நீட்டுவாங்க.

ஒரு முழு வருஷத்துக்கு எங்க ஊர்ல பேசிவ் சாம்ப்ளர் கட்டுங்க. பண்ணை வேலியில, மேல சொன்ன தூரங்கள்ல, பள்ளத்துச் சாளைங்ககிட்ட, பள்ளிக்கூடத்துல, அப்பறம் எந்தப் பண்ணையும் பக்கத்துல இல்லாத ஒரு காட்டுலயும் ஒப்பிடறதுக்கு ஒண்ணு. எடத்துக்கு மூணு, கூட பிளாங்க், 14 நாளைக்கு ஒருக்கா மாத்தணும். மாத்தற வேலைக்கு ஆள் இல்லைன்னா எங்களுக்குப் பழக்கிக் குடுங்க, பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் இருக்காங்க, நான் இருக்கேன், பண்ணைக்காரரு சார்பா ஒரு ஆளையும் கூட வெச்சுக்கலாம், மூணு பேரும் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சு அனுப்பறோம். லேப் வேலை மட்டும் உங்களுது.

கார்த்திகையில இருந்து தை வரைக்கும், காத்து நிக்கற காலத்துல, பள்ளத்துல பம்பு வெச்ச சாம்ப்ளர் கொண்டு வந்து பொழுதெறங்குனதுல இருந்து மறுநாள் பொழுதெறங்கற வரைக்கும் 24 மணி நேரமும் ஓட்டுங்க, ஒரு நாள் மட்டும் இல்ல, எரு அள்ற வாரமும் அதுல வரணும். கரண்ட் எங்க வூட்டுல இருந்து எடுத்துக்கலாம்.

ஒவ்வொரு ரீடிங்கும் வந்த ஒடனே தமிழ்ல, தேதி, எடம், மைக்ரோகிராம் கணக்கோட பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டணும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல நடக்கற கிராம சபைக்கு உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து அது என்னன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லணும், கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்லணும். வரம்பத் தாண்டுனா பண்ணைக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பிட்டு ஒதுங்கிக்காம, எருவ எப்படிக் காய வெக்கறது, ஈரத்த எப்படிக் கொறைக்கறதுன்னு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில இருக்கறவங்களக் கூட்டிட்டு வந்து பண்ணைக்காரருக்குச் சொல்லிக் குடுங்க, செய்யறதுக்கு நாள் குடுங்க, செஞ்ச பொறவு திரும்ப அளந்து கொறஞ்சுதான்னு பாருங்க.

இதுல எதச் செய்வீங்க, எத முடியாது, முடியாதுன்னா எந்தக் காரணத்தாலங்கறத ஒரு மாசத்துக்குள்ள எழுத்துல குடுங்க. செய்யறதா இருந்தா ஐப்பசி பனி எறங்கறதுக்கு முன்னால மொதக் குப்பிய பள்ளிக்கூடத்துக் கம்பத்துல கட்டுங்க.

இப்படிக்கு,
பண்ணைக்குக் கீழ பள்ளத்துச் சாளையில குடியிருக்கற ஒரு வெவசாயக் குடும்பத்து மருமக